ஏன் இரண்டு தடவை தொட்டார்?

என் அண்ணிக்குக் கண் ஆஸ்பத்திரியில் வேலை. ஊசி, மாத்திரை, சொட்டு மருந்து எல்லாம் மற்ற நர்சுகள் பார்த்துக்கொள்வார்கள். அண்ணி செய்வது ஒன்றே ஒன்றுதான். புரை ஆபரேஷன் ஆன மறுநாள் காலையில் கண் கட்டைப் பிரிப்பது. இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை. ஆறரைக்கு ஆரம்பித்தால் ஒன்பது மணிக்குள் நாற்பது கண்ணைப் பிரித்துவிடுவார். கை நடுங்கி யாரும் பார்த்ததில்லை. வாய் ஓய்ந்தும் யாரும் பார்த்ததில்லை.

அறை முதல் மாடியில், லிஃப்டுக்கு எதிரே. அந்த லிஃப்டைப் பராமரிப்பது நான். அதனால் அண்ணியின் ஆட்சியை வாசலில் உட்கார்ந்து பல தடவை பார்த்திருக்கிறேன். உள்ளே ஒரு சுழல் நாற்காலி, பஞ்சும் பிளாஸ்டரும் வைத்த தட்டு, எதிர்ச் சுவரில் எழுத்து அட்டை. மேல் வரியில் பெரிய எழுத்து, கீழே போகப் போக எறும்பு சைஸ். அவ்வளவுதான் அறை. ஆனால் அதற்குள் அண்ணி வைத்ததுதான் சட்டம். முதல் சட்டம், கூட வந்த சொந்தக்காரர்கள் வெளியே போக வேண்டும். மகனா, மருமகளா, எந்தப் பெரிய ஆபீசரா, பேச்சே கிடையாது. கதவைச் சாத்திய பிறகுதான் கண் கட்டைத் தொடுவார்.

“எதுக்கு அண்ணி இவ்வளவு கெடுபிடி? பாவம், அவங்களுக்கும் ஆசை இருக்காதா?” என்று ஒரு நாள் கேட்டேன்.

“ஆசைதான்டா கெடுக்குது. லீவு போட்டுட்டு வந்த மகன் எதிர்ல நின்னுக்கிட்டு ‘தெரியுதாப்பா, தெரியுதாப்பா’ன்னு கேட்டா, எந்த அப்பன் தெரியலைன்னு சொல்லுவான்? கண்ணுக்குள்ள ஒரு மூட்டை மண்ணைக் கொட்டி வச்சிருந்தாலும் பளிச்சுன்னு தெரியுதுன்னுதான் சொல்லுவான். நான் அதை எழுதிக்கணும், டாக்டர் அதை நம்பணும், அந்த ஆளு வீட்டுக்குப் போய்ச் சுவத்துல முட்டிக்கணும்.”

இது அவர் கற்பனை இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு அம்மா, மகள் முன்னால் எல்லாம் தெளிவாக இருக்கிறது என்று சிரித்துவிட்டு எழுந்து நடந்து நேராகக் கதவில் இடித்துக்கொண்டாராம். அன்றைக்கு ஆரம்பித்த சட்டம்.

என் அண்ணன் டவுன் பஸ் டிரைவர். முப்பது வருஷம் ஒரே வழித்தடம். பஸ்ஸிலிருந்து இறங்கினால் அண்ணனுக்கு ஒரு அடி உயரம் குறைந்துவிடும். கடைக்குப் போகச் சொன்னால் எதை வாங்குவது என்று தெரியாமல் நிற்பார். ஸ்டியரிங்கில் உட்கார்ந்தால் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. இப்படிப்பட்ட மனிதருக்கு ஐம்பத்துநாலு வயதில் இரண்டு கண்ணிலும் புரை. சர்க்கரை வேறு. இடது கண் அப்புறம், முதலில் வலது கண் என்று பெரிய டாக்டரே ஆபரேஷன் செய்தார்.

ஊழியர்களின் வீட்டு ஆட்களுக்கு வேறொருவர்தான் கட்டுப் பிரிப்பது ஆஸ்பத்திரி வழக்கம். அண்ணியிடம் அதைச் சொல்லப்போன நர்ஸ் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

“ஊரான் கண்ணையெல்லாம் நான் பிரிக்கணும், என் புருஷன் கண்ணை இன்னொருத்தி வந்து பிரிப்பாளா? போடி அந்தப் பக்கம்!”

என்னையும் அந்தப் பக்கம் போகச் சொன்னார். கதவைச் சாத்தினார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, உள்ளேயிருந்து அண்ணியின் சிரிப்பு. கதவைத் திறந்து நடைபாதை முழுக்கக் கேட்கிற மாதிரி, “பளிச்சுன்னு தெரியுதாம்! முதல் மூணு வரியையும் படிச்சுட்டார்!” என்றார். அன்று ஆஸ்பத்திரியில் வாட்ச்மேன் உட்பட எல்லோருக்கும் டீ.

மூன்று வாரம் கழித்து அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“நீ லிஃப்டு பாக்கப் போகும்போது, அந்த எழுத்து அட்டையை ஒரு போட்டோ எடுத்துட்டு வாடா.”

“எதுக்குண்ணே?”

“சும்மாதான்.”

எடுத்துக்கொண்டு போனேன். ஃபோனைக் கையில் வாங்கவேயில்லை. படிக்கச் சொன்னார். மொட்டைமாடியில் மூன்று சாயங்காலம் நான் வரி வரியாகப் படித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, சின்னப் பிள்ளை வாய்ப்பாடு சொல்கிற மாதிரி திருப்பிச் சொன்னார். மேல் மூன்று வரி அவருக்கு ஏற்கெனவே மனப்பாடம். ஆபரேஷனுக்கு முன்னால் எத்தனை நாள் அந்த அறை வாசலில் உட்கார்ந்து மற்றவர்கள் படிப்பதைக் கேட்டிருக்கிறார்!

எனக்குப் புரிந்துவிட்டது. புரியாமல் இருக்க நான் என்ன பச்சைக் குழந்தையா? ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. மூத்தவரிடம் கேட்கக் கூடாததைக் கேட்காமல் இருப்பதுதான் எங்கள் வீட்டில் மரியாதை. அதுவுமில்லாமல், நாள் போனால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். கோழைகள் எல்லோரும் நினைப்பதுதான் இது.

ஆறாவது வாரம் டெப்போ டாக்டரிடம் தகுதிப் பரிசோதனை. அங்கேயும் அதே அட்டை! உலகம் முழுக்க ஒரே ஆள்தான் அச்சடித்து விற்கிறான் போல. அண்ணன் கடைசி வரிவரை கடகடவென்று ஒப்பித்துவிட்டு சர்டிபிகேட்டோடு வந்தார். திங்கட்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு முதல் டிரிப். அண்ணி காக்கிச் சட்டையைத் துவைத்துத் தேய்த்து ஆணியில் மாட்டி வைத்தார். எனக்குத் தூக்கம் போயிற்று.

அதற்கு முந்தின சனிக்கிழமை மாலை எங்கள் வீட்டில் ஜெபக் கூட்டம். வாரம் ஒரு வீடு, அந்த வாரம் எங்கள் முறை. வந்தவர்கள் போதகரும் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியாரும்தான். மற்றவர்களை மழை வீட்டிலேயே பிடித்து வைத்துக்கொண்டது. போதகர் வந்ததும் நனைந்த மழைக்கோட்டையும் தொப்பியையும் வாசல் ஸ்டாண்டில் மாட்டிவிட்டுக் கை கழுவப் போனார். அப்போது உள்ளறையிலிருந்து வந்த அண்ணன், அந்த ஸ்டாண்டைப் பார்த்துக் கைகூப்பி, “ஸ்தோத்திரம் ஐயா, உட்காருங்க” என்றார்.

வாத்தியார் விழுந்து விழுந்து சிரித்தார். “டிரைவருக்கு இவ்வளவு நகைச்சுவையா! முப்பது வருஷமா எங்கே ஒளிச்சு வச்சிருந்தீங்க?” அண்ணனும் சிரித்துவைத்தார். நான் சிரிக்கவில்லை. அண்ணி அடுப்படியில் இருந்தார்.

அன்றைக்கு பைபிளில் படித்த பகுதி ஒரு குருடனைப் பற்றியது. கதை சின்னது. ஊர்க்காரர்கள் அவனை ஆண்டவரிடம் கூட்டிக்கொண்டு வந்து, தொட்டுக் குணமாக்கும்படி கேட்கிறார்கள். அவர் அவன் கையைப் பிடித்து ஊருக்கு வெளியே கூட்டிப் போகிறார். கண்ணில் உமிழ்ந்து, கை வைத்து, ஏதாவது தெரிகிறதா என்கிறார். அவன் பார்த்துவிட்டு, ஆட்கள் நடமாடுகிறார்கள், ஆனால் மரங்கள் மாதிரி இருக்கிறார்கள் என்கிறான். மறுபடியும் கண்ணில் கை வைக்கிறார். இப்போது எல்லாம் தெளிவு. ஊருக்குள் போகாதே என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார். செத்தவனைக் கூப்பிட்டே எழுப்பியவருக்கு, இந்த ஒரு ஆளுக்கு மட்டும் ஏன் இரண்டு தடவை?

போதகர் இளைஞர். புத்தகம் நிறையப் படித்தவர். “இது அவரோட சீஷர்களுக்காக நடந்தது. இதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான், இன்னுமா உங்களுக்கு விளங்கலைன்னு அவங்களைக் கடிஞ்சுக்கிறார். கூடவே திரிஞ்சும் அவங்களுக்குப் பாதிதான் புரிஞ்சிருக்கு. அந்தப் பாதிப் பார்வையை அவங்களுக்குக் காட்டத்தான் அற்புதத்தைப் பாதியில நிறுத்திக் காட்டினார்” என்றார்.

“அப்போ அந்தக் குருடன் என்ன கரும்பலகையா?” என்று வாத்தியார் கிளம்பிவிட்டார். “சீஷர்களுக்குப் பாடம் நடத்த இவன் கண்தானா கிடைச்சுது? அதெல்லாம் இல்லீங்க. குறை இவன்கிட்ட. குணமான மத்தவங்க எப்படி வந்தாங்க? கத்தினாங்க, கூட்டத்தை முண்டியடிச்சாங்க, கூரையைப் பிரிச்சுப் படுக்கையோட இறங்கினாங்க. இவன் தனக்காக ஒரு வார்த்தை கேட்டானா? ஊர்க்காரன் கேட்டான். இவன் பிடிச்சு வச்ச மாதிரி நின்னான். விசுவாசம் பாதி மார்க்குன்னா பார்வையும் பாதி மார்க்குதான்.”

எனக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. “லிஃப்டை ரிப்பேர் பண்ணிட்டு ஓட்டிப் பாக்குறோம். தளத்துக்கு ஒரு அங்குலம் கீழே நிக்குது. மறுபடி திறந்து சரி பண்றோம். இதுக்கு ஏன் இவ்வளவு விளக்கம்?”

“ஆண்டவரை மெக்கானிக் ஆக்கிட்டீங்களே, பிரதர்!” என்றார் போதகர்.

“தச்சர்தானே ஐயா. அவருக்குத் தெரியாதா, முதல் இழைப்புல பலகை வழுவழுன்னு ஆகாதுன்னு?”

போதகர் என்னைக் கடிந்துகொள்வதா சிரிப்பதா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அண்ணி டீத் தட்டோடு வந்தார்.

“ஒண்ணு சொல்லட்டுமா? அந்த ஆளு பிறவிக் குருடன் இல்ல. பிறவிக் குருடனா இருந்தா மரம் எப்படி இருக்கும்னு அவனுக்கு எப்படித் தெரியும்?”

“அடடே!” என்றார் வாத்தியார். முப்பத்தைந்து வருஷம் கணக்குப் போட்டவருக்கு இது தோன்றவில்லை.

“ரொம்ப நாள் மூடிக் கிடந்த கண்ணுல முதல்ல வெளிச்சம்தான் வரும், அப்புறம் உருவம், மூஞ்சியெல்லாம் கடைசியிலதான்னு எங்க பெரிய டாக்டர் சொல்லுவார். அதனால அவன் சொன்னதுல எனக்கு ஆச்சரியமே இல்ல. எனக்கு வேற ஒண்ணுதான் தோணும். எதுக்கு ஊருக்கு வெளியே கூட்டிட்டுப் போனார்? இங்கேயே தொட்டா ஆகாதா? அவனைக் கூட்டிட்டு வந்த அத்தனை பேரும் சுத்தி நின்னு வாயைப் பாத்துக்கிட்டிருந்தா, அவன் உண்மையைச் சொல்லுவானா? செத்தாலும் சொல்ல மாட்டான். அதான் எல்லாரையும் விட்டுட்டுத் தனியாக் கூட்டிட்டுப் போய்க் கேட்டார். அவனும் பாதிதான் தெரியுதுன்னு ஆண்டவர் மூஞ்சிக்கு நேராச் சொன்னான். எனக்கு அதுதான் அற்புதம். பார்வை வந்தது கூட அப்புறம்தான்.”

போதகர் சட்டென்று பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். அடுத்த பிரசங்கத்தில் அண்ணி பேர் இல்லாமல் இது வரும் என்று நான் நினைத்துக்கொண்டேன். அப்போதுதான் அண்ணன் தொண்டையைச் செருமினார்.

பதினைந்து வருஷக் கூட்டத்தில் அண்ணன் “ஆமென்” தவிர வேறு வார்த்தை பேசியதில்லை. எல்லோரும் திரும்பினோம்.

“எனக்கு ஒரு சந்தேகம் ஐயா. அந்த ஆளு, நல்லாத் தெரியுதுன்னு சொல்லியிருந்தா?”

“ஆண்டவருக்குத் தெரியாதா? அவர் உள்ளத்தையே பாக்குறவர்.”

“அவருக்குத் தெரியும். இவன் வாயால சொல்லலைன்னா மறுபடி தொட்டிருப்பாரா? இல்ல, சரி, உன் இஷ்டம் போன்னு விட்டிருப்பாரா?”

போதகர் பக்கத்தைப் புரட்டினார். வாத்தியார்தான் டீயை உறிஞ்சிக்கொண்டே, “விட்டிருப்பார். அப்புறம் அந்த ஆளு காலம் பூரா மரங்களோடதான் குடித்தனம் பண்ணியிருக்கணும்” என்றார். போதகர் சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. அண்ணி தட்டைக் கையில் வைத்துக்கொண்டே அண்ணனைப் பார்த்தார். நாற்பது கண்ணைப் பிரிக்கும்போது பார்க்கிற அதே பார்வை.

ஜெபம் முடிந்து அவர்கள் இருவரும் மழையில் நடந்து தெருமுனை தாண்டும்வரை அண்ணி வாசலிலேயே நின்றார். அப்புறம் என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டார்.

“உங்க அண்ணனுக்கு எவ்வளவு தெரியுது?”

“எனக்கு என்ன அண்ணி தெரியும்...” என்று ஆரம்பித்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கக்கிவிட்டேன். போட்டோ, மொட்டைமாடி, டெப்போ அட்டை, மழைக்கோட்டு, எல்லாம்.

“நீயெல்லாம் ஒரு தம்பி! சட்டை போட்டுக்கிட்டு மனுஷன்னு வேற திரியற! அம்பது உசுரை ஏத்திக்கிட்டுப் போற வண்டிடா அது. குறுக்க ஒரு குழந்தை ஓடி வந்தா என்னடா பண்ணுவார்? மனப்பாடம் ஒப்பிப்பாரா?” திட்டித் தீர்த்தார். ஒரு வார்த்தை தப்பில்லை, நான் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன். நடுவில் குரல் உடைந்தது. “உன்னைச் சொல்லி என்ன? என்னைச் சொல்லணும். வர்ற சொந்தத்தையெல்லாம் வெளியே தள்ளிக் கதவைச் சாத்துற மகராசி, அன்னைக்கு நானே உள்ள நின்னுருக்கேன்.”

அண்ணனிடம் அவர் விசாரணை எதுவும் செய்யவில்லை. “காலையில எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி. சாப்பிட்டுட்டுக் கிளம்புங்க” என்று மட்டும் சொன்னார். அண்ணன் எதற்கு என்று கேட்கவில்லை. சரி என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை அண்ணி தவறவிட்டது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் ஒருவர்தான் இருந்தார், அண்ணிக்கு மகள் வயசு இருக்கும். அண்ணி அவரிடம் எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர் அண்ணனை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, “நீங்க இருங்க சிஸ்டர், உங்களுக்குத் தெரியாததா” என்றார். அண்ணி வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினார்.

பெஞ்சில் உட்கார்ந்தோம். உள்ளே தணிந்த குரலில் பேசினார்கள், என்னவென்று தெரியவில்லை. அண்ணனின் குரல்தான் நிறையக் கேட்டது. அவ்வளவு நேரம் அவர் தொடர்ந்து பேசி நான் கேட்டதில்லை. அண்ணி சேலைத் தலைப்பைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார்.

முக்கால் மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்து சொன்னார். சர்க்கரையினால் விழித்திரையின் நடுப்பகுதியில் நீர் கோத்திருக்கிறது. புரை மறைத்திருந்ததால் முன்பே தெரியவில்லை. ஆபரேஷன் ஆன மறுநாளே சரியாகத் தெரியவில்லை என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே தேடிக் கண்டுபிடித்திருப்பார்கள். இப்போது கண்ணுக்குள் ஊசி போட்டுப் பார்க்கலாம். கொஞ்சம் தேறும், முழுசாகத் தேறும் என்று சொல்ல முடியாது.

“பஸ்?” என்றேன் நான்.

“இனிமே இல்ல. அவர்கிட்டயும் சொல்லிட்டேன்.”

அண்ணன் சுவரை ஒரு கையால் தடவிக்கொண்டு வெளியே வந்தார். ஆறு வாரத்தில் அவர் சுவரைப் பிடித்து நடந்து நான் பார்த்ததில்லை. இனி மறைக்க என்ன இருக்கிறது? பெஞ்சில் அண்ணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். காலையில் பாக்கெட்டில் எடுத்து வந்திருந்த தகுதிச் சர்டிபிகேட்டை எடுத்து அண்ணி மடியில் வைத்தார்.

“பஸ்ஸுக்காகத்தான் பொய் சொன்னீங்களா?” என்றார் அண்ணி. கோபமாகக் கேட்கத்தான் ஆரம்பித்தார்.

“அது அப்புறம். டெப்போவுல சொன்னதுதான் பஸ்ஸுக்காக.”

“அப்போ முதல்ல?”

அண்ணன் அவர் பக்கம் திரும்பினார். “நீ கட்டைப் பிரிச்ச. வெளிச்சம் வந்துச்சு. நடுவுல மட்டும் ஒரு பெரிய கறை. நீ குனிஞ்சு கிட்ட வந்து ‘தெரியுதா, நான் தெரியறனா’ன்னு கேட்ட. உன் தோடு தெரிஞ்சுது. தலைமுடி தெரிஞ்சுது. மூஞ்சி இருக்கிற இடத்துல ஒண்ணுமே இல்ல.”

அண்ணி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஆறு வாரமா அப்படித்தான் இருக்கு. நீ சிரிக்கிறியா, முறைக்கிறியா, எல்லாம் குரலை வச்சுத்தான்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? ஊர்ல இருக்கிற அத்தனை பேரும் என்கிட்டத்தானே சொல்றாங்க!”

“அன்னைக்கு அந்தக் கட்டை வேற யாராவது பிரிச்சிருந்தா சொல்லியிருப்பேன்” என்றார் அண்ணன். “உன் மூஞ்சி தெரியலைன்னு உன்கிட்டயே எப்படிச் சொல்றது?”

அண்ணி வாய்விட்டு அழுதார். அந்த நடைபாதையில் இருபத்திரண்டு வருஷமாக எத்தனையோ பேருக்கு அழாதே, கண்ணுக்கு ஆகாது என்று அதட்டியவர். அண்ணன் அவர் முகத்தைக் கையால் தடவித் தேடி, கண்ணைத் துடைத்துவிட்டார்.